விமான நிலையத்துக்குப் போகும் ரயில் யாருக்கு?

ஒரு நகரம் தன் விமான நிலையத்துக்கு ரயில் விடத் தீர்மானிக்கும்போது, அதில் யார் ஏறப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. டிக்கெட் விலை, எத்தனை இடத்தில் வண்டி நிற்கும், முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது என்று எல்லாமே அந்த ஒரு தீர்மானத்திலிருந்து கிளைப்பவைதான். சென்னை மெட்ரோவின் நீல வழித்தடத்தில் போய்வரும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்குள் ஓடும். அதைப் பற்றி ஒருமுறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். விமானப் பயணிக்கென்று தனியாக, வேகமாக, விலை கூட வைத்து ஒரு ரயில் விடுவதைவிட, ஊர் முழுக்க நின்று நின்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கும் போய்ச் சேர்கிற சாதாரண ரயில்தான் ஊருக்கு நல்லது. சென்னை கட்டியிருப்பது அப்படிப்பட்ட ரயில். ஆனால் அதில் இன்னும் செய்து முடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. அடுத்து வரப்போகிற பரந்தூர் விமான நிலையத் தடத்தில் கைநழுவிப் போகக்கூடிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேனில் போன காலம்

வெளிநாடு போகிற ஒருவரை வழியனுப்ப ஊரே கிளம்பி வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ராமநாதபுரம், தஞ்சாவூர், கடலூர்ப் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த வேன்கள் மீனம்பாக்கத்தில் வரிசையாக நிற்கும். என் பெரியப்பா மகன் முதன்முதலாகச் சவூதிக்குப் போனபோது நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனில் அந்த வேன் வாடகையும் அடக்கம். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே, விமான நிலையத்துக்கு வந்து சேர்வதே ஒரு செலவாக இருந்தது.

சென்னைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு ஆட்டோ, கால் டாக்சி. வடசென்னையிலிருந்து கிளம்பினால் பாரிமுனை, அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, கத்திப்பாரா என்று நெரிசலுக்குப் பேர்போன இடங்கள் அத்தனையையும் தாண்டியாக வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எல்லாரும் மிகவும் முன்னாலேயே கிளம்பி, போய்ச் சேர்ந்து, காத்துக் கிடப்பார்கள்.

அப்போது ரயிலே இல்லையா என்றால், இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தத் தடத்தில் உள்ள திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம். தென்மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்து, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து போவது இன்றைக்கும் நடக்கிறது. மெட்ரோவைவிட மிக மலிவான டிக்கெட். ஆனால் ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் வைத்திருப்பவருக்குக் கூட்ட நேரத்தில் அந்த ரயிலில் ஏறுவதே பெரும்பாடு. அதற்கு மேல் படிகள், வெயில், மழைத்தண்ணீர். ரயில் பக்கத்திலேயே இருந்தும், விமான நிலையத்தோடு அதைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் யாரும் மெனக்கெடவில்லை. அந்த ரயிலில் வருகிறவர் விமானம் ஏற மாட்டார், விமானம் ஏறுகிறவர் அந்த ரயிலில் வர மாட்டார் என்கிற நினைப்புதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மணலும் பாறையும்

நீல வழித்தடத்தின் முதல் கட்டம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரை ஏறக்குறைய 23 கிலோமீட்டர். அதில் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சுரங்கம். மொத்தம் 17 நிலையங்களில் 11 பூமிக்கு அடியில். வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, ஏ.ஜி. – டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை. பெயர்களை வரிசையாகச் சொன்னாலே சென்னையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்த மாதிரி இருக்கும். சின்னமலையில் தடம் மேலே ஏறிவிடுகிறது. கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம் எல்லாம் தூண்களின் மேல்.

இந்தச் சுரங்கத்தைத் தோண்டியது சாதாரண வேலையில்லை. வடக்கே ஜார்ஜ் டவுன் பக்கம் கடற்கரை ஊர். தோண்டினால் மணலும் களியும் நீரும். தெற்கே வர வர உறுதியான பாறை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்குப் போட்ட கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லறையை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் வருகிற பாறை, நம் பரங்கிமலைப் பாறை.

முழுக்க மணல் என்றால் அதற்கென்று ஒரு வகை இயந்திரம், முழுக்கப் பாறை என்றால் வேறு வகை. பாதி பாறையும் பாதி மண்ணும் ஒரே நேரத்தில் இயந்திரத்தின் முகத்துக்கு முன்னால் வந்தால்தான் சிக்கல். பாறையைத் தேய்க்கிற வேகத்தில்தான் நகர முடியும். அதற்குள் மேலே இருக்கிற இளகிய மண் தேவைக்கு அதிகமாக உள்ளே சரிந்து வந்துவிடும். அப்படிச் சரிந்தால் தரைக்கு அடியில் ஒரு குடைவு உண்டாகும். அது மேலே சாலைவரை எட்டிவிட்டால் சாலை உள்வாங்கும். 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளி அருகே நடந்தது அதுதான். ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கி நின்ற படத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பேருந்தில் இருந்தவர்கள் சட்டென்று வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை.

அதற்கு முன்பே இன்னொரு அடி. அண்ணா சாலைப் பகுதியின் சுரங்க வேலையை எடுத்திருந்த இந்திய – ரஷ்யக் கூட்டு நிறுவனம் 2015இல் பாதியில் வேலையை நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் ரத்தாகி, மறுபடி டெண்டர் விட்டு, வேறு நிறுவனங்கள் வந்து, ஏற்கெனவே பூமிக்குள் இருந்த இயந்திரங்களைத் தட்டியெழுப்பி வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

இதனால்தான் இந்தத் தடம் தவணை முறையில் திறந்தது. விமான நிலையம் – சின்னமலை மேம்பாலப் பகுதி 2016 செப்டம்பர் 21 அன்று வந்துவிட்டது. சுரங்கம் ஏ.ஜி. – டி.எம்.எஸ். வரை 2018 மே 25. அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரை 2019 பிப்ரவரி 10. அதாவது இரண்டு வருஷத்துக்கு மேல் விமான நிலையத்து மெட்ரோ ஊரின் மையத்தைத் தொடாமலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் வண்டிகள் எவ்வளவு காலியாகப் போயின என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "யாருக்காக இந்த வெள்ளை யானை?" என்று பேசியவர்களும் உண்டு. நடு ஊர் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. விமான நிலையத்தைத் தொடுவது முக்கியந்தான். ஆனால் ரயிலுக்கு உயிர் கொடுப்பது ஊரின் நடுப்பகுதி. இதைச் சென்னை தன் அனுபவத்திலேயே பார்த்துவிட்டது.

தில்லி கற்ற பாடம்

இப்போது தில்லிக்கு வருவோம். அங்கே 2011 பிப்ரவரியில் திறந்த விமான நிலைய விரைவுத் தடம் வேறு யோசனையில் பிறந்தது. புதுதில்லி ரயில் நிலையத்திலிருந்து துவாரகா 21ஆம் செக்டார் வரை 22.7 கிலோமீட்டர். அதில் 15 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். நீளத்தில் நம் நீல வழித்தடம் போலத்தான். ஆனால் நிலையங்கள் ஆறே ஆறு. நகரத்திலேயே பெட்டியைக் கொடுத்துப் போர்டிங் பாஸ் வாங்கிக்கொள்ளும் வசதி, பெட்டி வைக்க இடம், வசதியான இருக்கை, மற்ற மெட்ரோ தடங்களைவிட உயர்ந்த கட்டணம். சுரங்கத்தையும் நிலையங்களையும் தில்லி மெட்ரோ கட்டியது. ரயில் விட்டு நடத்தும் பொறுப்பைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள்.

நடந்தது என்ன? எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2012 ஜூலையில், தண்டவாளத்தைத் தாங்கும் மேம்பாலத் தாங்கிகளில் குறைபாடு என்று சொல்லிச் சேவை நின்றது. 2013 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி தில்லி மெட்ரோவே தடத்தை எடுத்துக்கொண்டது. அதன்பின் யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்கிற வழக்கு நடுவர் மன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று 2024 ஏப்ரல் வரை இழுத்தது. சீராய்வையும் தாண்டிய கடைசிக் கட்ட மனுவில்தான், தனியார் தரப்புக்குக் கிடைத்திருந்த பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியது.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தடத்துக்கு உண்மையில் உயிர் வந்தது கட்டணத்தைக் குறைத்த பிறகுதான். 2015இல் புதுதில்லியிலிருந்து விமான நிலையத்துக்கு 60 ரூபாய் என்றானது. அதற்குப் பிறகு துவாரகாவில் குடியிருந்து நடு தில்லியில் வேலை பார்க்கிறவர்களும் அதில் ஏற ஆரம்பித்தார்கள். விமானப் பயணிக்கென்று கட்டிய ரயில், விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் ஏறியபோதுதான் நிரம்பியது. இன்றைக்கு அது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நல்ல ரயில், நானும் விரும்பி ஏறுகிற ரயில். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர அது கடந்த பாதையை நாம் மறக்கக் கூடாது.

உலகத்தில் இது புதிய பாடமும் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் 1968லேயே தன் சாதாரண நகர ரயிலை நீட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது. லண்டனில் 1977 டிசம்பரில் பிக்காடிலி தடம் ஹீத்ரோவுக்குள் சுரங்கமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கென்று சிறப்பு ரயில் எதுவும் விடவில்லை. ஏற்கெனவே ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டியையே நீட்டினார்கள். வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்காக 1998இல் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் வந்தது. அதன் விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள், லண்டன் தமிழர்கள் உட்பட, நிதானமாக நின்று நின்று போகும் பிக்காடிலியில்தான் ஏறுகிறார்கள்.

யாரெல்லாம் ஏறுகிறார்கள்

சென்னைக்குத் திரும்புவோம். நீல வழித்தடத்தில் ஒரு சாயங்காலம் வண்ணாரப்பேட்டையிலிருந்து கடைசி வரை போய்ப் பாருங்கள். மண்ணடியில் வெள்ளை உடையில் உம்ராவுக்குக் கிளம்பும் குடும்பம் ஏறும். வழியனுப்ப வந்த பிள்ளைகளும் கூடவே. உயர் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்த வக்கீல்கள். சென்ட்ரலில் வடமாநில ரயில்களிலிருந்து இறங்கியவர்கள், முதுகில் பை, கையில் பெட்டி. ஆயிரம் விளக்கில் மருத்துவமனைக் கோப்போடு ஏறும் வங்காளக் குடும்பம். சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறார்கள். தேனாம்பேட்டையிலும் நந்தனத்திலும் அலுவலகம் விட்டவர்கள். கிண்டியில் பாதிப் பேர் இறங்க, அதே அளவு பேர் மின்சார ரயிலிலிருந்து வந்து ஏறுவார்கள். ஆலந்தூரில் கோயம்பேட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தடம் மாறி வருவார்கள். விமான நிலையம் வரும்போது பெட்டி வைத்திருப்பவர்கள் வண்டியில் இருப்பவர்களில் ஒரு பகுதிதான்.

சைதாப்பேட்டைக்கும் சின்னமலைக்கும் நடுவே ரயில் அடையாற்றுக்கு அடியில் போகிறது. அதே ஆறுதான் மேற்கே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியிலும் ஓடுகிறது; அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி ஆற்றின் மேல் கட்டிய பாலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு விமான நிலையத்துக்குள் புகுந்ததும், டிசம்பர் 6 வரை விமானங்கள் நின்றதும், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றியனுப்பியதும் நினைவிருக்கும். ஆற்றை மறந்து கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

விமான நிலையத்தில் இறங்கினால் தரைக்கு மேலேயே மூடிய நடைபாலம், அதில் நகரும் நடைபாதை. வெயிலிலோ மழையிலோ இறங்காமல் முனையத்துக்குப் போய்விடலாம். திரிசூலத்தில் யாரும் செய்துதராத அந்தக் கடைசி இணைப்பு இங்கே கிடைத்திருக்கிறது.

2021 பிப்ரவரியில் நீல வழித்தடம் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, திருவொற்றியூர் எல்லாம் சேர்ந்தன. அதே மாதம் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. என்னைக் கேட்டால் இந்தத் தடத்தின் வரலாற்றில் மிகப் பெரிய நாட்கள் அவைதான். ஆலையும் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குமாக, நகரத்துக்கு உழைத்துக் கொடுத்துவிட்டு வசதிகளுக்குக் கடைசியில் நின்ற வடசென்னையை, நகரத்தின் ஆகப் பளபளப்பான கட்டடத்தோடு ஒரே வண்டி இணைத்தது.

அந்த வண்டியில் ஓர் அக்காவோடு பேசிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. வீடு திருவொற்றியூர்ப் பக்கம். "மத்தியானம் ஷிப்டுன்னா இதுலதான் வருவேன் தம்பி. ஏசி, உக்கார எடம், பஸ்ஸுல வர்ற நேரத்துல பாதி கூட ஆகாது" என்றார். காலை ஷிப்டு என்றால் எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். "காலைலன்னா மெட்ரோவே கெடையாதே. மொத வண்டி வந்து சேர்றதுக்குள்ள அங்க எங்க பேரை எழுதிருவாங்க" என்றார். அவர் விமானத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் விமான நிலையத்துக்கு அவரளவுக்குப் போய்வந்த பயணி எவரும் இருக்க மாட்டார்.

விமான நிலைய ரயிலின் பயணி யார் என்று திட்டம் போடுகிறவர்கள் யோசிக்கும்போது முதலில் மனதில் வர வேண்டியவர் இவரைப் போன்றவர்தான். பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள், காவலர்கள், கடைகளில் நிற்கும் இளைஞர்கள், சமையலறையில் உணவு பொதிகிறவர்கள், டிராலி தள்ளுகிறவர்கள் என்று ஒரு பெரிய விமான நிலையத்தை ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் இயக்குகிறார்கள். பயணி வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வருவார். இவர்கள் தினமும் வருகிறார்கள்.

இன்னொரு சின்ன வரலாறும் இங்கே சேர்கிறது. சென்னை மெட்ரோ தொடங்கியபோது ரயிலில் முதல் வகுப்பு என்று ஒரு பகுதி இருந்தது, கட்டணம் இரட்டிப்பு. மற்ற பெட்டிகளில் கூட்டம் நிற்க, அங்கே இருக்கைகள் காலியாகப் போகும். 2020 நவம்பரில் அதைப் பெண்களுக்கான பகுதியாக மாற்றினார்கள். காலி இருக்கைகள் நிரம்பின. பணத்தை வைத்துப் பிரித்த இடம், தேவையை வைத்துப் பிரித்த இடமாக மாறியது. இந்த மாற்றத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. கொண்டாடியிருக்க வேண்டும்.

இரவு என்கிற பாக்கி

இனி, செய்து முடிக்காத வேலை. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிகிறது. சென்னை விமான நிலையமோ ராத்திரியில்தான் விழித்திருக்கும். வளைகுடா, சிங்கப்பூர், கோலாலம்பூர், ஐரோப்பா என்று பன்னாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே வந்துபோகின்றன. மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். கிளம்புகிறவர் இரவு பத்துக்கே வந்து உட்கார்ந்துவிடலாம், சமாளித்துக்கொள்வார். வந்து இறங்குகிறவருக்கு வழியில்லை. இரண்டு வருஷம் பாலைவனத்தில் வேலை பார்த்துவிட்டு அதிகாலை 2 மணிக்கு இறங்குகிறவர் ஒன்று டாக்சிக்காரர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விடியும்வரை பெட்டி மேல் சாய்ந்திருக்க வேண்டும். ஷிப்டு முடிந்த தொழிலாளிக்கும் இதே கதைதான்.

இரவில் ரயிலை நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. தண்டவாளத்தை ஒவ்வொரு அடியாகப் பார்க்க வேண்டும். மேலே செல்லும் 25,000 வோல்ட் மின்கம்பியைத் தொட்டு வேலை செய்ய மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். சுரங்கத்தில் காற்றோட்ட விசிறிகள், நீர் இறைக்கும் பம்புகள், தீயணைப்புக் குழாய்கள், சிக்னல் கருவிகள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அதற்கு இரவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் உண்டு. அந்த நேரத்தில் கையில் விளக்கோடு சுரங்கத்தில் நடந்து பார்க்கிறவர்களால்தான் பகலில் நாம் பயமில்லாமல் போகிறோம். "இருபத்து நாலு மணி நேரமும் விடுங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

ஆனாலும் வழி இருக்கிறது. கோபன்ஹேகன் மெட்ரோ விமான நிலையத்துக்கு இரவு பகல் பாராமல் ஓடுகிறது. லண்டன் பிக்காடிலி தடம் 2016 டிசம்பர் முதல் வெள்ளி, சனி இரவுகளில் ஹீத்ரோவுக்கு ஓடத் தொடங்கியது. மற்ற இரவுகளில் பராமரிப்பு. சென்னையில் முதல் படியாக, பன்னாட்டு விமானக் கூட்டம் அதிகமுள்ள இரவுகளில் மட்டும் மணிக்கு ஒரு வண்டி விடலாம். அதுவும் முடியாதென்றால், மெட்ரோ மூடியிருக்கும் நேரத்தில் அதே நிலையங்கள் வழியாக, அதே மெட்ரோ அட்டை செல்லுபடியாகும்படி, மாநகரப் பேருந்து ஒன்று விம்கோ நகர்வரை ஓடலாம். இரவில் அண்ணா சாலை காலியாகத்தானே கிடக்கிறது. பேருந்துக்கு அதிக நேரம் பிடிக்காது. காலை ஷிப்டுக்குப் போகிற அந்த அக்காவுக்கும் அது உதவும். சுரங்கம் தோண்ட வேண்டாம், புதுக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசினால் போதும்.

கிளாம்பாக்கம், பரந்தூர்

விமான நிலையத்தோடு நிற்கிற நீல வழித்தடத்தைப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாகக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை ஏறக்குறைய 15.5 கிலோமீட்டர் நீட்டத் திட்டம் இருக்கிறது. அது நடந்தால் விமான நிலையம் இந்தத் தடத்தின் கடைசி நிலையமாக இருக்காது. நடுவில் வருகிற இன்னொரு நிலையமாகிவிடும். திருச்சியிலிருந்து பேருந்தில் வருகிறவர் கிளாம்பாக்கத்தில் இறங்கி நேராக விமான நிலையத்துக்கு மெட்ரோ ஏறலாம். வேன் வாடகைக்கும் கடன் வாங்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அந்தப் பதினைந்து கிலோமீட்டர் சீக்கிரம் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பரந்தூர் விஷயம் சிக்கலானது. அங்கே புதிய விமான நிலையம் என்று 2022இல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏகனாபுரமும் சுற்றுக் கிராமங்களும் நிலத்துக்காகவும் ஏரிகளுக்காகவும் போராடி வருகின்றன. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது. ரயிலைக் காட்டி அதைக் கடந்துவிட முடியாது. ஆனால் விமான நிலையம் வரும் என்ற கணக்கில், பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு ஏறக்குறைய 53 கிலோமீட்டர் மெட்ரோ போடும் திட்டமும் கூடவே தயாராகிக்கொண்டிருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் தடத்தோடு அது சேர்ந்தால், கடற்கரையிலிருந்து பரந்தூர் 79 கிலோமீட்டர் ஆகிவிடும்.

இந்தத் தூரத்தைக் கேட்டதும், நிற்காமல் போகிற தனி ரயில் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்ற பேச்சு கண்டிப்பாக எழும். அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 79 கிலோமீட்டரை எல்லா நிலையத்திலும் நின்று கடக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குத் தீர்வு, சில நிலையங்களில் கூடுதல் தண்டவாளம் போட்டு, விரைவு வண்டி சாதா வண்டியை முந்திப் போக இடம் விடுவது. அதைக் கட்டும்போதே செய்ய வேண்டும். கட்டி முடித்த மேம்பாலத்தில் பிறகு மூன்றாவது தண்டவாளம் சேர்ப்பது நடக்காத காரியம். விரைவு வண்டிக்கும் சாதா வண்டிக்கும் கட்டணம் ஒன்றாகவே இருக்க வேண்டும். தூரத்துக்குக் காசு வாங்கலாம், வேகத்துக்கு வாங்கக் கூடாது.

ஏனென்றால் அந்தத் தடத்தின் உண்மையான பயணிகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் கார், செல்போன், மின்னணு ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் திரும்பி, மாநகரத்தை வாரத்தில் ஒருநாள்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் இருக்கிற பெண் பிள்ளைகள் அவர்களில் ஏராளம். ஷிப்டு நேரத்துக்கு ஏற்றபடி வண்டி ஓடி, ஆலை வாசலுக்கு நடந்து போகிற தூரத்தில் நிலையம் இருந்தால், விமானம் ஒன்றுகூட இறங்குவதற்கு முன்பே அந்த ரயில் நிரம்பி ஓடும். விமானப் பயணியும் அதிலேயே போகட்டும். அவருக்கு அதில் ஒரு குறையும் வராது.

பரந்தூர் தடத்தின் திட்ட அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது முதலில் எத்தனை கோடி என்று பார்க்கிறோம். அதைப் பார்க்கத்தான் வேண்டும். கூடவே இன்னும் மூன்று விவரங்களைத் தேடிப் பார்ப்போம்: ஆலைத் தொழிலாளிக்கு எங்கெங்கே நிலையம், அவருக்குக் கட்டுப்படியாகிற கட்டணமா, அவர் ஷிப்டு மாறும் நேரத்தில் வண்டி உண்டா. இந்த மூன்றுக்கும் அதில் பதில் இருந்தால் அது ஊருக்கான ரயில். இல்லையென்றால், கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.